குறைந்த செலவில் நல்ல வேக்குவம் கிளீனர்: முதல் முறை வாங்குபவர்களுக்கு

வேக்குவம் கிளீனர் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது இரண்டு எண்களை: விலை, வாட். விலையைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் வாட்டை வைத்து முடிவெடுத்தால், சத்தம் அதிகமும் சுத்தம் குறைவுமான ஒரு மெஷின் வீட்டுக்கு வந்து சேர நல்ல வாய்ப்பு இருக்கிறது. விலை குறைந்த மாடல்களிலும் பல வருடம் உழைப்பவை உண்டு. அவற்றைப் பிரித்தறியத் தேவையானதை, வாங்கும்போது யோசிக்க வேண்டிய வரிசையிலேயே சொல்கிறேன்.

1. முதலில் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன், இணையத்தில் தேடுவதற்கும் முன், உங்கள் வீட்டுத் தரையைக் கவனியுங்கள். டைல்ஸ், கல், மரம் போன்ற வழுவழுப்பான தரையா, கார்பெட்டா, இரண்டும் கலந்ததா? மற்ற எல்லா முடிவும் இதைப் பொறுத்தது. வழுவழுப்பான தரையில் தூசி மேலேயே கிடக்கும். மிதமான உறிஞ்சல் போதும். கார்பெட்டில் மண் துகள்கள் இழைகளின் அடிவரை இறங்கிவிடும். அவற்றைக் கிளப்ப ஒரு சுழலும் பிரஷ் வேண்டும், கிளம்பியதை இழுத்துச் செல்லக் காற்றோட்டமும் தாராளமாக வேண்டும். கார்பெட்டே இல்லாத வீட்டுக்குக் கார்பெட் மெஷின் வாங்குவது வீண் செலவு.

அடுத்து, என்ன குப்பை? நீளமான தலைமுடி, நாய் பூனையின் முடி, செருப்போடு வரும் மணல், அலமாரி மேல் படியும் மெல்லிய தூசி என்று ஒவ்வொன்றும் மெஷினிடம் ஒவ்வொன்றைக் கேட்கும். வீட்டில் யாருக்காவது ஆஸ்துமாவோ தூசி ஒவ்வாமையோ இருந்தால் ஃபில்டர் விஷயத்தில் சமரசம் கூடாது. மாடிப்படி இருக்கிறதா? மெஷினை யார் தூக்கப் போகிறார்கள்? பிளக் பாயின்ட் எங்கெங்கே இருக்கிறது? வேலை முடிந்ததும் அதை எங்கே வைப்பீர்கள்? கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து, மூன்று பாகங்களைப் பூட்டினால்தான் ஓடும் என்றால், வாரக்கணக்கில் அது அங்கேயே கிடக்கும்.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டால், விற்பவர் என்ன சொன்னாலும் உங்கள் தேவை உங்கள் கையில் இருக்கும்.

2. எந்த வகை?

கேனிஸ்டர் என்பது சக்கரம் வைத்த உடம்பு தனியாகவும், அதிலிருந்து நீளும் ஹோஸும் குழாயும் தனியாகவும் உள்ள வகை. பட்ஜெட் குறைவு என்றால் என் முதல் பரிந்துரை வயர் உள்ள கேனிஸ்டர்தான். காரணம் எளிது. பேட்டரிக்குக் கொடுக்க வேண்டிய காசு இதில் மோட்டாருக்கும் தரையைத் தொடும் முனைக்கும் போகிறது. கையில் ஏந்துவது குழாயை மட்டும் என்பதால் கட்டிலுக்கு அடியிலும் திரைச்சீலையின் மேலும் சுலபமாக எட்டலாம். உடம்பைப் பின்னால் இழுத்துக்கொண்டு திரிய வேண்டியதுதான் இதன் தொந்தரவு.

ஸ்டிக் வகையில் மோட்டார், தூசி டப்பா, குழாய் எல்லாம் ஒரே கம்பில் இருக்கும். பேட்டரியில் ஓடுபவைதான் இப்போது அதிகம். எடுத்தோம், இழுத்தோம், மாட்டினோம் என்று வேலை முடியும். சின்ன வீட்டுக்கும் அன்றாடத் தூசிக்கும் வசதி. ஆனால் மலிவான பேட்டரி ஸ்டிக்தான் சந்தையிலேயே அதிகம் ஏமாற்றம் தருவது. ஏன் என்று பின்னால் கணக்கோடு சொல்கிறேன். வயர் உள்ள ஸ்டிக்கும் கிடைக்கிறது. அதே எடை, அதே வடிவம், பேட்டரிக் கவலை இல்லை. அதிகம் பேர் கவனிக்காத நல்ல தேர்வு அது.

வெட் அண்ட் டிரை வகை, சிந்திய தண்ணீரையும் இழுக்கும். மரத்தூள், பெரிய குப்பை, தண்ணீர்க் கசிவு என்று முரட்டு வேலை உள்ள வீட்டுக்கு நல்லது. உருவம் பெரியது, சத்தமும் கூட. பலவற்றில் காற்றை வெளியே ஊதும் வசதியும் உண்டு. மற்ற வகைகளில் ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட இழுக்கக் கூடாது. சாதாரண மெஷினில், இழுத்த காற்றேதான் மோட்டாருக்குள் புகுந்து அதைக் குளிர்விக்கிறது. ஈரம் போனால் மோட்டார் கெடும், மின்கசிவு ஆபத்தும் உண்டு. வெட் அண்ட் டிரையில் மோட்டாரைக் குளிர்விக்கத் தனி வழி வைத்திருப்பார்கள்.

நிமிர்ந்து நிற்கும் அப்ரைட் வகை கார்பெட் நிறைந்த வீடுகளுக்கானது. கையடக்க மெஷின் காருக்கும் சோஃபா இடுக்குக்கும் மட்டும். ரோபோ, தினமும் மேலோட்டமாகப் பெருக்கிக்கொண்டே இருக்க நல்ல துணை. ஆனால் படி ஏறாது, மெத்தையைத் தொடாது. வீட்டில் ஒரே ஒரு மெஷின்தான் என்றால் அது ரோபோவாக இருக்க வேண்டாம்.

3. பெட்டியில் அச்சிட்ட எண்களைப் படிப்பது

இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

வாட் என்பது மெஷின் எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்ற கணக்கு. எவ்வளவு தூசி எடுக்கிறது என்று அது சொல்லாது. மின்சாரத்தில் ஒரு பங்குதான் உறிஞ்சலாக மாறுகிறது. மீதி சூடாகவும் சத்தமாகவும் போய்விடும். ஐரோப்பிய ஒன்றியம் 2014 செப்டம்பரில் வேக்குவம் கிளீனர்களுக்கு 1600 வாட்டுக்கு மேல் கூடாது என்று விதித்தது. 2017 செப்டம்பரில் அதை 900 வாட்டாகக் குறைத்தது. மின்சாரத்தைக் குறைத்ததோடு, எவ்வளவு தூசி எடுக்க வேண்டும் என்பதற்கும் குறைந்தபட்ச அளவு வைத்தார்கள். தயாரிப்பாளர்கள் முனையையும் காற்றுப் பாதையையும் சீர்செய்து அதை எட்டினார்கள். ஆக, 900 வாட்டில் நன்றாகச் செய்ய முடிகிற வேலைக்கு 2000 வாட் என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருந்தால், அதை ஒரு தகுதியாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பிறகு எதைப் பார்ப்பது? இரண்டு விஷயங்கள். ஒன்று, உறிஞ்சும் அழுத்தம். இதைக் கிலோபாஸ்கலில் போடுவார்கள். இன்னொன்று, காற்றோட்டம், அதாவது ஒரு வினாடிக்கு எத்தனை லிட்டர் காற்று உள்ளே போகிறது என்பது. அழுத்தம் தூசியைத் தரையிலிருந்து பெயர்க்கும். காற்றோட்டம் அதைச் சுமந்துகொண்டு போய் டப்பாவில் போடும். மெல்லிய ஸ்ட்ராவால் எவ்வளவு வேகமாக உறிஞ்சினாலும் டம்ளர் மெதுவாகத்தான் காலியாகும் அல்லவா, அழுத்தம் மட்டும் அதிகமுள்ள மெஷினும் அப்படித்தான்.

பெட்டியில் போடும் கிலோபாஸ்கல் எண் பெரும்பாலும் குழாய் வாயை முழுக்க அடைத்து அளந்தது. அப்போது காற்று ஓட்டமே இல்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்வது ஏர்வாட் என்ற அளவு. கணக்கு சுலபம்: வினாடிக்கு 20 லிட்டர் காற்று, அந்த நேரத்தில் 10 கிலோபாஸ்கல் அழுத்தம் என்றால் 200 ஏர்வாட். இந்த எண் கொடுக்கப்பட்டிருந்தால் அதை வைத்து ஒப்பிடுங்கள். கொடுக்காத இடத்தில் அழுத்தம், காற்றோட்டம் இரண்டையும் கேளுங்கள். வயர் உள்ள வீட்டு மெஷினில் 15 முதல் 20 கிலோபாஸ்கல் வரை இருந்தால் சாதாரணத் தேவைக்குத் தாராளம்.

அலகு மாறுவதிலும் கவனம் வேண்டும். சிலர் பாஸ்கலில் போடுவார்கள், சிலர் மில்லிபாரில், சிலர் மில்லிமீட்டர் நீர் உயரத்தில். 1 கிலோபாஸ்கல் என்பது 1000 பாஸ்கல், 10 மில்லிபார், ஏறத்தாழ 102 மில்லிமீட்டர் நீர். ரோபோவின் பெட்டியில் 4000 என்று பார்த்து அசந்துவிட வேண்டாம். அது பாஸ்கல், வெறும் 4 கிலோபாஸ்கல்தான்.

சத்தத்தை டெசிபலில் சொல்வார்கள். 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரட்டிப்புச் சத்தமாகக் கேட்கும். 70க்கும் 80க்கும் இடையே சின்ன வித்தியாசம்தானே என்று நினைத்தால், வீட்டில் குழந்தை தூங்கும்போது தெரியும்.

4. பையா, டப்பாவா?

பை உள்ள மெஷினில் தூசி ஒரு பையில் சேரும், நிறைந்ததும் அப்படியே எடுத்துப் போட்டுவிடலாம். டப்பா உள்ளதில் காற்றைச் சுழல வைத்துத் தூசியைப் பிரித்து, ஒளி ஊடுருவும் டப்பாவில் சேர்ப்பார்கள். பை வாங்கும் செலவு இல்லை என்பதால் டப்பா வகைதான் இப்போது அதிகம் விற்கிறது. ஆனால் டப்பாவைக் கொட்டும்போது மெல்லிய தூசி முகத்துக்கு நேரே எழும்பும். ஃபில்டரும் சீக்கிரம் அடைபடும், அடிக்கடி கழுவ வேண்டும்.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு கடையில் துப்புரவு வேலை பார்த்த ஜேம்ஸ் முர்ரே ஸ்பாங்லர், பெருக்கும்போது எழும் தூசியில் ஆஸ்துமாவால் அவதிப்பட்டவர். மின்விசிறி மோட்டார், துடைப்பக் கம்பு, தலையணை உறை ஆகியவற்றைச் சேர்த்து ஒரு மெஷின் செய்து, 1908இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அந்தத் தலையணை உறைதான் தூசிப் பை. ஒவ்வாமை உள்ளவர்களுக்குப் பை வகை இன்றைக்கும் நல்லது என்பது என் உறுதியான கருத்து. தூசியைக் கையாலும் மூக்காலும் தொடாமல் வெளியேற்ற முடிகிறது. ஒரு எச்சரிக்கை: அந்த மாடலுக்கான பை கிடைக்கிறதா, ஒரு பை என்ன விலை, வருடத்துக்கு எத்தனை ஆகும் என்று மெஷின் வாங்குவதற்கு முன்னாலேயே பாருங்கள். துணிப் பை கொடுத்திருந்தால் கொட்டிக் கொட்டிப் பயன்படுத்தலாம்தான். ஆனால் கொட்டும்போது அங்கேயும் தூசி பறக்கும்.

5. ஃபில்டர்

ஹெப்பா என்ற சொல் எல்லாப் பெட்டியிலும் இருக்கும். மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஃபில்டருக்கான பெயர் அது. அமெரிக்க அளவுகோலில் ஹெப்பா என்றால் 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும். ஐரோப்பிய முறையில் எச்13 என்ற தரம் 99.95 சதவீதத்தைக் குறிக்கும். 0.3 மைக்ரான் என்பது தலைமுடியின் பருமனில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. பெட்டியில் இந்தத் தர எண்ணோ சதவீதமோ இல்லாமல் 'ஹெப்பா டைப்', 'ஹெப்பா போன்ற' என்று மட்டும் இருந்தால் அதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

இன்னொன்று, ஃபில்டர் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. டப்பா மூடி, ஹோஸ் இணைப்பு, ஃபில்டர் உட்காரும் இடம் எங்காவது இடைவெளி இருந்தால் தூசிக் காற்று அந்த வழியாக வெளியே போய்விடும். ஒவ்வொரு இணைப்பிலும் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். மலிவு மாடல்களில் முதலில் விட்டுவிடுவது இதைத்தான். வீட்டில் ஒவ்வாமை யாருக்கும் இல்லையென்றால் இதில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம்.

6. தரையைத் தொடும் முனை

விலை குறைந்த மெஷினில் காசு எங்கே மிச்சம் பிடிக்கப்பட்டிருக்கிறது என்று தெரிய வேண்டுமா, முனையைத் திருப்பிப் பாருங்கள். உறிஞ்சும் வாய் முனையின் முழு அகலத்துக்கும் இருக்கிறதா? ஓரம் வரை வருகிறதா? சக்கரம் ரப்பரா, கீறிவிடும் கெட்டிப் பிளாஸ்டிக்கா? வழுவழுப்பான தரைக்கு மெல்லிய மயிரிழைகள் உள்ள முனை வேண்டும். காலால் அழுத்தினால் இழைகள் உள்ளே போய் வெளியே வரும் முனை என்றால் தரைக்கும் மெல்லிய கார்பெட்டுக்கும் ஒன்றே போதும்.

கார்பெட்டுக்குச் சுழலும் பிரஷ் இரண்டு விதமாக வரும். தனிக் குட்டி மோட்டாரில் சுழல்வது ஒன்று. உள்ளே வரும் காற்றே சுழற்றும் டர்போ பிரஷ் இன்னொன்று. இரண்டாவது மலிவு, ஆனால் அடர்ந்த கார்பெட்டில் அழுத்தினால் நின்றுவிடும். எதுவானாலும் பிரஷ் உருளையைக் கழற்ற முடிய வேண்டும். நீளமான முடி அதில் சுற்றிக்கொள்ளும், கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தே ஆக வேண்டும்.

இடுக்கு முனை, சோஃபா முனை, அலமாரிக்கு ஒரு வட்டப் பிரஷ் ஆகிய மூன்றும் கூடவே வந்தால் போதும். பதினைந்து துணைக்கருவிகள் இலவசம் என்று வரும் விளம்பரத்துக்கு மதிப்புக் கொடுக்காதீர்கள். குழாயின் விட்டம் 32 அல்லது 35 மில்லிமீட்டராக இருந்தால் நல்லது. பரவலாகப் புழங்கும் அளவு என்பதால் பிற்பாடு வேறு நல்ல முனை வாங்கிப் பொருத்தலாம். சுமாரான மெஷினுக்கு நல்ல முனை போடுவது, மெஷினையே மாற்றுவதை விடப் பல நேரம் அதிகப் பலன் தரும்.

7. பேட்டரி மெஷினா? இந்தக் கணக்கைப் போடுங்கள்

'40 நிமிடம் ஓடும்' என்பது குறைந்த வேகத்தில், பெரும்பாலும் சுழலும் பிரஷ் இல்லாமல். உண்மை தெரிய வோல்ட்டை ஆம்பியர்-ஹவரால் பெருக்குங்கள். பேட்டரியில் எவ்வளவு மின்சாரம் இருக்கிறது என்பது வாட்-ஹவரில் கிடைக்கும். 21.6 வோல்ட், 2 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் இருப்பது 43 வாட்-ஹவர். அதிகபட்ச வேகத்தில் மோட்டார் 400 வாட் எடுத்தால் ஆறரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஒரு அறை முடிவதற்குள் சார்ஜ் போய்விடும்.

பேட்டரியைக் கழற்ற முடிகிறதா என்பது அதைவிட முக்கியம். லித்தியம் பேட்டரி சில வருடங்களில் தளர்வது இயற்கை. உள்ளேயே ஒட்டிவைத்த பேட்டரி என்றால் அது தளரும் நாளில் மெஷினே குப்பை. கழற்றும் வகை என்றால் மாற்றுப் பேட்டரியின் விலையைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

8. பில் போடும் முன்

கடையில் ஓட விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளங்கையால் குழாய் வாயை ஒரு நொடி அடையுங்கள். மோட்டாரின் சுருதி சட்டென்று ஏற வேண்டும். காற்று வராததால் அதற்குச் சுமை குறைந்து வேகம் கூடுகிறது. சுருதி மாறவே இல்லை என்றால் எங்கோ காற்று கசிகிறது. அப்புறம், வெளியேறும் காற்று எந்தப் பக்கம் வருகிறது என்று பாருங்கள். தரையை நோக்கி ஊதினால், நீங்கள் இழுப்பதற்கு முன்பே தூசியை அது கலைத்துவிடும். குழாயை முழுக்க நீட்டி, குனியாமல் நின்று தள்ள முடிகிறதா என்று பாருங்கள். வயர் 5 மீட்டருக்குக் குறைந்தால் ஒவ்வொரு அறையிலும் பிளக்கை மாற்ற வேண்டிவரும்.

விற்பவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஃபில்டர், ஹோஸ், முனை ஆகியவை தனியாகக் கிடைக்குமா, என்ன விலை? பதில் தயங்கி வந்தால் அடுத்த மாடலுக்குப் போய்விடுங்கள். ஒரு ஃபில்டர் கிடைக்காததால் நல்ல மோட்டாரோடு மூலையில் போடப்படும் மெஷின்கள் ஏராளம். அதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும். மெஷின் விலையோடு மூன்று வருடத்துக்கான பை, ஃபில்டர் செலவையும் கூட்டி ஒப்பிட்டால், மலிவாகத் தெரிந்தது சில நேரம் மலிவாக இருக்காது.

காசு குறைய நல்ல வழி, புது மாடல் வந்ததும் அதற்கு முந்தைய மாடலை வாங்குவது. பெரும்பாலும் நிறமும் பெயரும்தான் மாறியிருக்கும். நிறுவனமே பழுது பார்த்து உத்தரவாதத்தோடு விற்பதும் நல்லதே. தனியாரிடம் பழையது வாங்கினால் பத்து நிமிடம் தொடர்ந்து ஓட்டிப் பாருங்கள். கருகிய வாடை, கரகரப்பு, ஹோஸில் விரிசல் என்று எது இருந்தாலும் வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வருவது என்றால் வோல்ட் பொருந்துகிறதா என்று பாருங்கள். 120 வோல்ட் மெஷினை 230 வோல்ட்டில் போட்டால் மோட்டார் எரிந்துவிடும்.

9. வீட்டுக்கு வந்த பிறகு

மேலிருந்து கீழே வாருங்கள். அலமாரி, சோஃபா, கடைசியாகத் தரை. முனையை மெதுவாக இழுங்கள். விறுவிறுவென்று நான்கு முறை தள்ளுவதை விட நிதானமாக இரண்டு முறை போதும். காற்றுக்குத் தூசியைத் தூக்க நேரம் வேண்டும்.

டப்பா முக்கால்வாசி நிறையும் முன்பே கொட்டிவிடுங்கள், வீட்டுக்கு வெளியே கொட்டினால் இன்னும் நல்லது. கழுவக்கூடிய ஃபில்டர் என்று கையேட்டில் இருந்தால் மட்டும் தண்ணீரில் கழுவி, நிழலில் ஒரு முழு நாள் உலர்த்துங்கள். கொஞ்சம் ஈரமாக மாட்டினாலும் தூசி சேறாகி ஒட்டிக்கொள்ளும், நாற்றமும் வரும். கூடுதலாக ஒரு ஃபில்டர் வாங்கி வைத்திருந்தால் இந்த அவசரம் வராது.

சிமென்ட், சுண்ணாம்பு போன்ற கட்டுமானத் தூசி சாதாரண ஃபில்டரை ஒரே நாளில் அடைத்துவிடும். சூடான சாம்பல், தணல், பெட்ரோல் சிந்திய இடம் இவற்றின் பக்கம் எந்த மெஷினையும் கொண்டுபோகக் கூடாது, தீப்பிடிக்கும். கண்ணாடித் துண்டுகள் பையையும் ஹோஸையும் கிழிக்கும், அவற்றைக் கையுறையோடு தனியாக அள்ளுங்கள். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டாமல் நேராகச் சுவர் பிளக்கில் மாட்டுங்கள்.

ஒரு நாள் உறிஞ்சல் குறைந்தால் பதறாமல் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வரிசையாகப் பாருங்கள்: டப்பா அல்லது பை, ஃபில்டர், முனையில் சுற்றிய முடி, கடைசியாக ஹோஸ். ஹோஸைக் கழற்றி வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால் உள்ளே அடைத்திருக்கும் காகிதமோ பொம்மையோ தெரிந்துவிடும். ஓடும்போதே தானாக நின்றுவிட்டால், அது பெரும்பாலும் மோட்டார் சூடாகிப் பாதுகாப்பு சுவிட்ச் துண்டித்ததாக இருக்கும். அடைப்பை எடுத்துவிட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆற விட்டுப் போடுங்கள். அப்படியும் ஓடவில்லை என்றால் பில்லையும் உத்தரவாத அட்டையையும் எடுத்துக்கொண்டு சர்வீஸுக்குப் போங்கள்.